ஏலத்தில் எடுத்த தாழ்ப்பாள்

முப்பது வருஷம் நான் மலாக்காவில் ஒற்றைக் காலில் நின்று குளித்தேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. என் நாத்தனார் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அவ்வளவுதான்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வீடு புக்கிட் பெருவாங்கில். எப்போது போனாலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டையும் ராஃபியா என்கிற ஒரு பிளாஸ்டிக் கயிறும்தான் மிச்சம். கயிற்றைச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே இருந்து யாராவது கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் அது நழுவிவிடும். மற்றவர்கள் உள்ளே பாட்டுப் பாடிச் சமாளித்தார்கள். சிலர் இருமினார்கள். எனக்கு ஆள் இல்லாத காட்டில்கூடப் பாட்டு வராது. அதனால் வலது காலைத் தூக்கிக் கதவில் அழுத்திக்கொண்டு, இடது காலில் நின்று, தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்வேன். இளம் வயதில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு முட்டி பேச ஆரம்பித்தது.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் பிறந்து வளர்ந்தது லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கையைத் தூக்கி, "சார், வெளிய போவணும்" என்று கேட்டதில்லை. அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவள் புருஷனின் அக்காவிடம் போய், உங்கள் வீட்டில் தாழ்ப்பாள் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? புருஷனிடமே சொன்னதில்லை. சொன்னால் அவர் அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுவிடுவார்.

முதலாளி தோட்டத்தை விற்ற பிறகு நாங்கள் மகனோடு ஈப்போவுக்குப் போய்விட்டோம். தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணியின் கடைசி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். அண்ணி போனில் கூப்பிட்டார்.

"நீ ஒண்ணும் கவலப்படாத புள்ள. முப்பது பேரு வந்து தங்குறாங்க. ஒனக்குன்னு ஹால்ல காத்தாடிக்குக் கீழ பாய் போட்டு வச்சிட்டேன்."

நான் பாயைப் பற்றிக் கவலைப்படவில்லை. முப்பது பேர், ஒரே குளியலறை, கல்யாண வீட்டு அவசரம். எத்தனை கை அந்தக் கதவைத் தள்ளும் என்று நினைத்தபோதே வலது கால் வலித்தது.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், மகனிடம் கேட்டேன். "ஹோட்டல்ல ரூம்பு எடுத்தா ரொம்பக் காசாவுமாப்பா?"

மகன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து என்னைப் பார்த்தான். "அம்மாவா கேக்கறது?"

"குளிக்கறதுக்குத்தான்" என்றேன். மறுபடி பாத்திரத்தைத் தேய்த்தேன்.

வீட்டுக்காரர் குதித்தார். "எங்கக்கா வீடு இருக்கறப்ப ஹோட்டலா? தாய்மாமன் ஹோட்டல்ல படுத்தான்னு தெரிஞ்சா என்னைத் தலமுழுகிடும்லா!"

மகன் தகப்பனின் பலவீனம் தெரிந்தவன். "இப்பல்லாம் இன்டர்நெட்ல ரூம்ப ஏலத்துல எடுக்கலாம்பா. எந்த ஏரியா, எத்தன ஸ்டார், எவ்ளோ குடுப்போம்னு நாம சொல்லணும். ஹோட்டல்காரன் ஒத்துக்கிட்டா ரூம்பு நமக்கு."

"வெலைய நாமளா சொல்றது?"

"நாமதான்."

வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஈப்போ பாசாரில் அவர் வருவதைப் பார்த்தாலே மீன்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நான்கு நட்சத்திர ஹோட்டலை விலை பேசக் கிடைத்தால் விடுவாரா? அக்காவிடம் சொல்ல ஒரு பொய்யையும் அவரே அங்கேயே கட்டி முடித்தார். கோலா சுங்கை பாருவில் பழைய தோட்டத்துக் கூட்டாளி இருக்கிறார், அவர் வீட்டில் தங்குகிறோம். கடற்கரை ஊர். அக்கா அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

ஏலத்துக்கு ஒரு விதி இருந்தது. ஹோட்டலின் பெயர் முதலில் தெரியாது. பணம் கார்டிலிருந்து போன பிறகுதான் தெரியும். அதற்கப்புறம் மாற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கேட்ட விலையைத் தள்ளிவிட்டால் அதே இடத்துக்கு அன்றைக்கு மறுபடி கேட்கக் கூடாது. கேட்க வேண்டுமென்றால் இன்னொரு ஏரியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை புறப்படும் முன் முதல் விலையைப் போட்டார்கள். மலாக்கா டவுன், நான்கு நட்சத்திரம்.

"வெள்ளி முப்பத்தொண்ணு" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பா, அது ஹோட்டல்பா. நண்டு இல்ல."

"மொதல்ல அடிமட்டத்துக்குக் கேளு. அவன் கத்துவான். கத்தட்டும்."

"சரி, அதென்ன ஒண்ணு?"

"மொய்கூட முட்டையில முடியற மாதிரி எழுத மாட்டோம். நல்ல காரியத்துக்குப் போறப்ப ஒண்ணுல முடியணும்."

அரை நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. வேண்டாமாம். யாரும் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

மலாக்காவுக்குச் சற்று முன்னால் உள்ள அலோர் காஜாவுக்கு வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. மகன் ஒரு சைபர் கஃபே முன்னால் காரை நிறுத்தினான். ஒரு சீனத்தி நடத்தினார். மணிக்கணக்கில் காசு. மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துவிட்டார். "ராகு காலம். பன்னெண்டுக்குத்தான் முடியும்."

"இது ரூம்புப்பா. பொண்ணு பாக்கப் போறோமா?"

"பணம் போனாத் திரும்பாதுன்னு நீதானே சொன்ன?"

ஒரு மணி நேரம் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். அதற்கும் காசு ஓடியது. சீனத்தி இரண்டு தடவை வந்து கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று விசாரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பன்னிரண்டு அடித்ததும் கடற்கரைப் பக்கத்தையும் சேர்த்து ஐம்பத்தொன்று போட்டார்கள். அதுவும் வேண்டாமாம். வீட்டுக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "வா போலாம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கடை முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதைக்குப் போனார். தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். பாசாரில் அவர் செய்வது இதுதான். பத்து எட்டு நடப்பதற்குள் கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவான்.

பத்து நிமிஷம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கூப்புட்டானா?"

"கம்ப்யூட்டர் கூப்புடாதுப்பா" என்றான் மகன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன்.

இனி சேர்க்க மிச்சம் இருந்தது ஆயர் குரோ ஏரியா ஒன்றுதான். அதை ஒட்டித்தான் புக்கிட் பெருவாங்.

"வேணாம். அக்கா வீட்டுப் பக்கம்" என்றார் வீட்டுக்காரர். "பேசாம அக்கா வீட்டுக்கே போயிடுவோம்."

"ஆயர் குரோ பெரிய எடம்பா. மிருகக்காட்சி சாலைப் பக்கம் எங்கியாச்சும்தான் கெடைக்கும்" என்றான் மகன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ராஃபியா கயிறு கண்ணில் தெரிந்தது. முப்பது பேர் தெரிந்தார்கள். என் வாயிலிருந்து என்னை அறியாமல் வந்தது: "எழுவத்தொண்ணு போடுப்பா."

வாழ்க்கையில் நான் விலை சொன்னது அதுதான் முதல் தடவை. மகன் அமுக்கினான். திரையில் பச்சையாக ஏதோ வந்தது. "கெடச்சிடுச்சும்மா!" என்று கத்தியவன், கீழே இருந்த விலாசத்தைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். போன தடவை போனபோது அண்ணி வீட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டி ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த சிமென்ட் தூசியில்தான் அன்றைக்குச் சாப்பிட்டோம். கட்டடம் முடிந்து ஹோட்டல் ஆகியிருந்தது. அந்த வருஷங்களில் எங்கள் வெள்ளிப் பணத்தின் மதிப்பு விழுந்து, வெளியூர் ஆட்கள் குறைந்து, ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தன. அதனால்தான் எங்கள் விலைக்கு இறங்கி வந்திருக்கிறார்கள்.

கள்ளச் சாமான் கொண்டுபோகிறவர்கள் மாதிரி போய்ச் சேர்ந்தோம். காரைப் பின்பக்கம் நிறுத்தினோம். நான் முக்காடு போட்டுக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் தரையைப் பார்த்தே நடந்தேன். நாலாவது மாடி.

அறையில் என்னென்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போனேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை. கதவைத் தடவித் தடவிப் பார்த்தேன். மகன் வந்து கைப்பிடியின் நடுவில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினான். அமுக்கினால் 'டக்' என்றது. வெளியே நின்று இழுக்கச் சொன்னேன். இழுத்தான். தள்ளச் சொன்னேன். தள்ளினான்.

"ஒதைக்கட்டுமாம்மா?"

"வேணாம்பா, போதும்."

இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று சுடுதண்ணீரில் குளித்தேன். அந்தச் சுகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. குளித்துவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரி ஈரத்துணியை அலசிப் பிழிந்தேன். வெயில் நன்றாக அடித்தது. சாலையைப் பார்த்திருந்த பால்கனிக் கம்பியில் என் சேலையை நீளமாக விரித்தேன். பக்கத்தில், எனக்குப் பிறகு குளித்த வீட்டுக்காரரின் கைலியையும் போட்டேன். ஈரத்துணியை உள்ளே விட்டு வைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தக் கைலி தீபாவளிக்கு அண்ணி வாங்கிக் கொடுத்தது. பச்சையும் ஆரஞ்சும் பெரிய பெரிய கட்டம். மலாக்காவிலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மகன் குடிக்க ஏதாவது வாங்கி வரக் கீழே போயிருந்தான். கதவு தட்டப்பட்டது. அவன்தான் என்று நினைத்துத் திறக்கப் போனேன்.

"தம்பி! கோலா சுங்கை பாருல வீட்டையெல்லாம் இவ்ளோ ஒசரமாவா கட்டிட்டாங்க?"

வீட்டுக்காரர் ஒரே பாய்ச்சலில் குளியலறைக்குள் போனார். 'டக்.' மணப்பெண்ணின் தாய்மாமன், பாசாரில் புலி, என் பொத்தானை அமுக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

நான் கதவைத் திறந்தேன். அண்ணி கையில் மஞ்சள் கறையோடு மூச்சு வாங்க நின்றார். "எங்க அவன்?"

நான் குளியலறையைப் பார்த்தேன்.

"கல்யாண வீட்டுல எடமில்லாம தம்பி ஹோட்டல்ல கெடந்தான்னு ஊரு சிரிக்கணுமா? நா பாய் போட்டு வக்கலியா? என்ன கொற வச்சேன்? சொல்லு புள்ள!"

பள்ளிக்கூடத்தில் தூக்காத கை அன்றைக்கு எழுந்தது. எதற்கென்று தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டே சொன்னேன். "குளிக்கறதுக்கு, அண்ணி. தாழ்ப்பா இல்ல. ஒத்தக் கால்ல நின்னு, ஒரு காலால கதவப் புடிச்சிக்கிட்டு... முட்டி முடியல."

அண்ணி என்னையே பார்த்தார். "எந்தக் கால்?"

"வலது."

"எனக்கு எடது" என்றார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு மட்டும் தனியாத் தாழ்ப்பா இருக்குன்னா நெனச்ச? ஒங்கண்ணன் கிட்ட கேட்டுக் கேட்டு வாயே போச்சு. நாளைக்கு, நாளைக்குன்னே மூணு புள்ளைங்களும் கல்யாண வயசுக்கு வந்திடுச்சுங்க. பாட்டு வேற பாடிப் பாத்தேன். அந்த நேரம் பாத்துதான் இன்னும் ரெண்டு பேரு கதவத் தட்டுவாங்க."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "அக்கா போயிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போவலடா. வெளிய வா, நா உள்ள போவணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அண்ணி உள்ளே போனார். 'டக்.' தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. கீழே பந்தலில் பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாழைமரம் வந்துவிட்டதாம், எங்கே கட்டுவது என்று கேட்க ஆள் இல்லையாம். அண்ணி அரைமணி கழித்து, தலையில் ஹோட்டல் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் சிவந்து வெளியே வந்தார்.

"எவ்ளோ குடுத்தீங்க?"

"எழுவத்தொண்ணு" என்றார் வீட்டுக்காரர்.

"ஜாஸ்திடா. அம்பத்தொண்ணுக்குக் கேட்டிருக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணி விடவில்லை. "தம்பி, நீயும் ஒன் மவனும் நம்ம வீட்டு ஹால்ல படுங்க. காத்தாடிக்குக் கீழ பாய் இருக்கு. இங்க நாங்க ரெண்டு பேரு போதும். யாரு கிட்டயும் வாயத் தொறக்காத. தெரிஞ்சா முப்பது பேரும் துண்டத் தூக்கிக்கிட்டு வந்துடுவாளுங்க."

பந்தலுக்குள் நுழையும்போதே அண்ணி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எந்தம்பி பொஞ்சாதிக்குக் கால் வலின்னு நாந்தான் நாலு ஸ்டார்ல ரூம்பு எடுத்துக் குடுத்திருக்கேன்." சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள். விலை பேசிய மனுஷன் ஒரு மூலையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளும் அவர் ஹாலில் படுத்தார். குளிக்கப் போகும்போது இருமினார்.

அடுத்த வருஷம் போனபோது அண்ணி என் பையைக்கூடக் கீழே வைக்க விடாமல் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். கதவில் இரண்டு தாழ்ப்பாள், மேலே ஒன்று, கீழே ஒன்று. யாரையும் கேட்காமல் தானே ஆள் வைத்து அடித்திருக்கிறார்.

உள்ளே போய் இரண்டையும் போட்டேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. முதல் வாளித் தண்ணீரை மொண்டேன். தலையில் ஊற்றப் போகும்போதுதான் கவனித்தேன். வலது கால் எப்போதோ தானாக எழும்பிக் கதவில் போய் நின்றிருந்தது.