கேட்காமல் ஏறும் அப்டேட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று என்னுடையது. அதில் பாடம் நடத்தலாம், வேறொன்றும் செய்ய முடியாது. மற்றது என் கொழுந்தனாருடையது. எதைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்கிற அதிகாரமெல்லாம் அதற்குத்தான். அவர் இருப்பது சென்னையில், கம்ப்யூட்டர் இருப்பது விழிதியூரில். தினமும் அதன் முன்னால் உட்காருகிறவள் நான்.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதற்கு இன்றும் நன்றி உண்டு. ஆனால் அப்டேட் எல்லாம் தானாகவே வந்து ஏறும்படி வைத்துவிட்டுப் போனார். சென்னையில் அவர் வீட்டில் கேபிள் வழியாக இன்டர்நெட் கொட்டுகிறது. எங்களுக்கோ ஜன்னலோரம் சாய்த்து வைத்த போனிலிருந்து ஹாட்ஸ்பாட். ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டாதான், தீர்ந்தால் ஆமை வேகம்.

நான் ஆன்லைனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு மாலை, வகுப்பு ஆரம்பித்த சற்று நேரத்தில் பிள்ளைகளின் முகங்கள் அப்படியே உறைந்து நின்றன. 'அப்டேட் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யவும்' என்று திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு. சத்தமில்லாமல் இறங்கி, அன்றைய டேட்டாவை முழுசாக விழுங்கியிருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. வகுப்பு நடத்தும் நிறுவனத்திலிருந்து பேசிய பெண் மரியாதையாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா இந்தப் பிள்ளைங்க பேட்ச்சை வேற டீச்சருக்குக் கொடுத்துருவோம் மேடம்." கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நானே தேடிக்கொண்ட வேலை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உங்க கணக்கோட பாஸ்வேர்டைச் சொல்லுங்க. அப்டேட்டை நிறுத்தணும்."

"ஐயோ அண்ணி, அதெல்லாம் செக்யூரிட்டி. நீங்க எதையாவது தொட்டு வச்சிட்டீங்கன்னா மொத்தமும் போயிரும். பொங்கலுக்கு வரப்ப நான் பாக்குறேன்."

"பொங்கல் வரைக்கும் என் வேலை இருக்காது. ஏன் தம்பி, வாய்க்கால்ல தண்ணி வருதுன்னா நம்ம வயல்ல அதுபாட்டுக்கு ஏற விடுறோமா? மடையை நாமதான தொறக்குறோம், நாமதான அடைக்கிறோம்?"

"வயலும் கம்ப்யூட்டரும் ஒண்ணா அண்ணி?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார். என் கணவரோ, "அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாதா?" என்றார். நானும் எம்.எஸ்சி. கணிதம்தான். அந்தப் பட்டத்தைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி, அப்புறம் யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் காலை நானே தேடிப் படித்தேன். கம்ப்யூட்டர் நம் கையருகே இருந்தால் போதும், அதை ரெக்கவரி என்கிற பழுதுபார்க்கும் முறையில் எழுப்பி, எந்தக் கணக்குக்கு அதிகாரம் என்பதை மாற்றிவிடலாம். மாற்றினேன். கறுப்புத் திரையில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்ததற்கு அது என்னைத் திட்டியது, நானும் திருப்பித் திட்டினேன். கடைசியில் அதிகாரம் அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வந்தது. தானாகத் தேடுவது, தானாக இறக்குவது, தானாக ஏற்றுவது எல்லாவற்றையும் அணைத்தேன். பிரவுசர் வேறொரு வழியாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் அதற்கும் ஒரு தடை போட்டேன்.

அப்டேட்டே ஆகாது என்கிறவள் இல்லை நான். பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அன்று காலையில் என்னென்ன வந்திருக்கிறது என்று பார்த்து நானே ஏற்றுகிறேன். குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. அதற்குப் பிறகு வகுப்பு நடுவில் நின்றதில்லை, அந்த பேட்ச்சும் என்னிடமே இருக்கிறது.

பொங்கலுக்கு வந்த கொழுந்தனார், காப்பியைக்கூடக் குடித்து முடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஏதோ புது மென்பொருளைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். தட்டினார். மறுபடியும் தட்டினார். என் கணவரும் வந்து பின்னால் நின்றுகொண்டார்.

"என்ன அண்ணி, என் பாஸ்வேர்டுல உள்ள போவுது, ஆனா எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டேங்குது?"

"விடாது தம்பி," என்றேன். "என்ன போடணும்னு சொல்லுங்க. வேணுமா வேணாமான்னு பாத்துட்டு நான் போடுறேன்."