சனிக்கிழமைக்கு வைத்த கதகதப்பு

"எல்லாரும் ஒரு நிமிஷம் கையில இருக்கிறதைக் கீழ வைங்க" என்கிறார் வெர்னன் டாட்லாக். பெயின்ட் டப்பா வைத்திருந்தவர் டப்பாவைக் கீழே வைக்கிறார். கல்லாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய், கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் குச்சியை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறான். அவன் செய்த ஒரே குற்றம், ராணுவ அட்டையை நீட்டித் தள்ளுபடி உண்டா என்று கேட்டதுதான். வெர்னன் கல்லாவைச் சுற்றி வந்து, விறைத்து நின்று, சல்யூட் அடிக்கிறார். கடையே கைதட்டுகிறது. காது சிவக்க, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் அவன் வெளியேறுகிறான்.

அமெரிக்காவின் கான்சாஸில், படைமுகாமின் தெற்கு வாசலுக்கு எதிரே இருக்கிறது வெர்னனின் ஹார்டுவேர் கடை. அவரைப் பட்டாளத்தில் எடுக்கவில்லை. "தட்டைப் பாதம்னு திருப்பி அனுப்பிட்டானுங்க" என்று கேட்காதவரிடமும் சொல்வார். தேசிய கீதம் பாடும்போது அவர் கண்ணில் வழிவது நிஜக் கண்ணீர். அதில் கலப்படம் கிடையாது.

தள்ளுபடி பத்து சதவீதம். பேட்டரிக்குக் கிடையாது. ஏற்கெனவே விலை குறைத்த சாமானுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் ஹீட்டர் சாமானுக்குக் கிடையவே கிடையாது. "மாமாவுக்கு நாட்டுப்பற்று ஜாஸ்திதான். பேட்டரி அலமாரி பக்கம் வந்தா மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்பான், கடையில் ரிப்பேர் வேலை பார்க்கும் மைத்துனன் டுவேன்.

சர்ச்சில் நடக்கும் வீரர் குடும்ப உதவிக் குழுவுக்கும் வெர்னன்தான் தலைவர். ஒருவன் கடல் கடந்து போனால் போதும், அவன் வீட்டு வாசலில் சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி வந்து குவியும். எந்த வீட்டிலிருந்து வந்தாலும் மக்ரோனிதான். வேறு ஏதாவது வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஷெல்பி அந்தப் பதிலோடு ஜனவரியில் கடைக்கே வந்துவிட்டாள். கணவன் சார்ஜென்ட், பனி உருகும்வரை திரும்பமாட்டான். இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பெண்.

"வீட்டு ஹீட்டர் நின்னு போச்சு சார். அடுப்பைப் பத்த வெச்சுக்கிட்டு அடுப்படியிலயே மூணு பேரும் படுத்திருக்கோம். இன்னிக்கே யாராவது வந்து பாத்தா நல்லாருக்கும்."

"பாக்கிறது என்னம்மா, புதுசே மாட்டிடறோம். காசு வேணாம்."

ஷெல்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சனிக்கிழமை காலையில" என்றார் வெர்னன்.

"இன்னிக்குச் செவ்வாய்தானே சார்?"

"பள்ளிக்கூடத்து பேண்டு அன்னிக்குத்தான் வரும். பத்திரிகைக்காரரும் அன்னிக்குத்தான் வர்றேன்னிருக்காரு. பேனர் வேற எழுதணும். உங்களுக்கு ஒரு குறையும் வெச்சுடக் கூடாதில்ல?"

டுவேன் கருவிப்பெட்டியைத் தூக்கினான். "மாமா, நான் இப்பவே ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன். பிள்ளைங்க வெடவெடன்னு நடுங்குது."

"சும்மா இரு மச்சான். யாருக்கும் தெரியாம பின்வாசல் வழியா போய்ச் செய்யறதுக்கு அவங்க என்ன பிச்சையா கேக்கறாங்க? ஊரே வந்து செய்யணும். அதான் மரியாதை."

இதை அவர் மனதாரச் சொன்னார். தொல்லையே அதுதான். வெறும் கஞ்சத்தனமாக இருந்தால் சண்டை போட்டு வாங்கிவிடலாம். சனிக்கிழமைவரை தாக்குப்பிடிக்க, மூன்று வயதுப் பெண்ணின் கையில் ஒரு காகிதக் கொடியைக் கொடுத்து அனுப்பினார்.

டுவேன் மறுநாள் சாப்பாட்டு வேளையில் நழுவினான். புது ஹீட்டரே தேவைப்படவில்லை. தேய்ந்துபோன ஒரு சின்ன சாமானை மாற்றினான், வீடு சூடாயிற்று. ஷெல்பி கெஞ்சிக் கேட்டதால் இரண்டு தட்டு மக்ரோனியைத் தின்று தீர்த்தான். "மாமா காதுல மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை வந்தது. பனியில் பேண்டு அணிவகுத்து நின்றது. சிவப்பு ரிப்பன் கட்டிய ஹீட்டரை நான்கு பேர் தூக்கி வர, வெர்னன் உள்ளே காலெடுத்து வைத்தார். கூடத்தில் குழந்தைகள் மெல்லிய சட்டையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"கதகதன்னு இருக்கே" என்றார்.

"ஆமா சார், இப்ப நல்லா ஓடுது. புதுசை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இதே தெருவுலயே ரெண்டு வீட்டுல ஹீட்டர் இல்ல."

வெர்னன் டுவேனைப் பார்த்தார். டுவேன் கூரையைப் பார்த்தான். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். வெர்னன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லதும்மா. ஆனா சூடா இருக்கிற வீட்டுக்கு ஹீட்டர் குடுத்தோம்னு படம் வந்தா, நாளைக்கு உதவிக்கு எவன் வருவான்? ஒரு பத்து நிமிஷம்தான். பிள்ளைங்க மேல போர்வையைப் போத்தி விடுங்க, கொஞ்சம் குளிர்ற மாதிரி இருக்கட்டும்."

அவள் வாய் திறப்பதற்குள் சுவரிலிருந்த ஹீட்டர் சுவிட்சை அவரே அணைத்தார். பேண்டு நன்றாகக் கேட்கட்டும் என்று வாசல் கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்து வைக்கச் சொன்னார். பாட்டு தொடங்கியது. பனிக்காற்று கூடத்துக்குள் புகுந்தது. கைக்குழந்தை தும்மியது, ஷெல்பி அதை வாரி எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அப்படியே இருங்கம்மா, அருமையா இருக்கு" என்றார் வெர்னன். கேமராவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே, தன் கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.