வயரின் இந்த முனையில் நான்

எங்கள் பழைய டிரில் மெஷின் பக்தியால் செத்தது. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும் திரைச்சீலைக் கம்பி மாட்டுவதும்தான் எனக்கும் என் கணவருக்கும் பிழைப்பு. கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் குடியிருக்கிறோம். ஆயுத பூஜை வந்தால் ஏணி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவது அவர் வேலை. பொரியும் சுண்டலும் என் வேலை. அந்த வருஷம் மற்ற சாமான்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டு வைத்தவருக்கு, டிரில் முறை வந்ததும் கை தாராளமாகிவிட்டது. சோறு போடுகிற மெஷின் இல்லையா? சந்தனத்தைக் கொழகொழவென்று குழைத்து, காற்றுப் போவதற்கு விட்டிருந்த துளைகள் அத்தனையும் அடைபடுகிற மாதிரி அப்பிவிட்டார்.

"ஏனுங்க, அதுக்கு மூச்சு முட்டப் போவுதுங்க" என்றேன்.

"சாமி காரியத்துல வாய வெக்காத அம்மணி" என்றார்.

மறுநாள் பூஜை பிரித்த கையோடு பெருந்துறையில் ஒரு புது வீட்டு வேலைக்குப் போனோம். ஜன்னலுக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டில் இரண்டு மூன்று ஓட்டை போடுவதற்குள் மெஷின் புகைந்து நின்றுவிட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. தெருமுனைக் காயில்காரர் மெஷினைப் பிரித்தார், முகர்ந்து பார்த்தார். "என்னங்கண்ணா, சந்தன வாசம் அடிக்குது?" என்று கேட்டார். என் கணவர் சுவரில் தொங்கிய காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கட்டறதுக்குப் புதுசே வாங்கிப்போடலாமுங்க" என்றார் காயில்காரர். "இப்பல்லாம் வயர் இல்லாம பேட்டரியில ஓடறது வந்துருச்சு. சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போனா ஒத்த ஆளே வேலைய முடிச்சுப்போடலாம்."

ஒத்த ஆளே. அவர் நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அந்தப் பழைய மெஷின் ஒத்த ஆளுக்கு ஓடாது. வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே அதன் விசை அமுங்கினபடியே சிக்கிக்கொண்டது. நாளைக்குச் சரிசெய்யலாம், நாளைக்குச் சரிசெய்யலாம் என்று தள்ளித் தள்ளிக் கடைசிவரை செய்யவே இல்லை. அதனால் அவர் ஏணி மேல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். அவர் "ம்" என்றால் நான் ஸ்விட்சைப் போடுவேன். இன்னொரு "ம்" வந்தால் அணைப்பேன். கல்யாணமான புதிதில் தொடங்கியது, பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகும் அப்படியே நடந்தது. இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நாங்கள் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்றுகூட அவர் மட்டும் போட்டதில்லை, நான் மட்டும் போட்டதுமில்லை.

சண்டைக் காலத்திலும் இதற்கு விடுமுறை கிடையாது. அவர் தங்கை வீட்டுச் சீர் விஷயத்தில் ஒருமுறை பெரிய தகராறு. முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனோம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர் சொன்னது "ம்" மட்டும்தான். எல்லா ஜன்னலும் முடிந்தபோது கோபமும் எங்கோ போய்விட்டிருந்தது. வரும் வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, ஒரு தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷன். பன்னைப் பிய்க்கத் தெரியும்.

கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் கட்டிய வீடு ஒன்று. இன்னும் கரண்ட் இணைப்பு வாங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து வயருக்கு மேல் வயர் மாட்டி இழுத்தோம். நான் அந்த வீட்டு வாசலில், அவர் இந்த வீட்டு ஏணியில். "ம்" காதில் விழாது என்பதால், அவர் வயரை வெடுக்கென்று இழுக்க வேண்டும், நான் ஸ்விட்சைப் போட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வீட்டம்மா இளநீர் வெட்டிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். எனக்கும் பேச்சென்றால் வெல்லம். வயர் இழுபட்டது தெரியவே இல்லை. கடைசியில் அவர் வயரைப் பிடித்துக்கொண்டே தோப்பைத் தாண்டி நடந்து வந்து என் முன்னால் நின்றார். முறைத்தார். பிறகு என் கையிலிருந்த இளநீரை வாங்கி மிச்சத்தைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இப்போது வயரே இல்லையென்றால் நான் எதற்கு? இதை வாய்விட்டுக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. ஒரு பேட்டரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண்ணை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? நான் பொறாமைப்பட்டேன்.

இன்னொரு கவலையும் இருந்தது. கொஞ்ச நாளாக அவர் தலை சீவுவது இடது கைக்கு மாறியிருந்தது. சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துவிட்டு ஒரு நொடி நிற்பார். தோளில் வலி. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இந்தத் தோளோடு தனியாக ஏணி ஏறி, பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றால்?

உக்கடம் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு டூல்ஸ் கடை. கடைக்கார பாய் மெஷின்களை எடுத்து வரிசையாக வைத்தார். "வேலைக்குங்களா, ஊட்டுக்குங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க பாய்."

"அப்படின்னா பன்னெண்டு வோல்ட் வேண்டாமுங்கண்ணா, கான்கிரீட்ல திணறும். பதினெட்டு பாருங்க, தட்டித் துளைக்கிறது. பிரஷ் இல்லாத மோட்டார், சீக்கிரம் சூடாவாது. பேட்டரி ரெண்டா வாங்கிப்போடுங்க. ஒண்ணு ஓடறப்ப ஒண்ணு சார்ஜ் ஏறும்."

என் கணவர் விடவில்லை. பேட்டரி தனியாகக் கிடைக்குமா, ரிப்பேர் இதே ஊரில் பார்ப்பார்களா, அடுத்த வருஷமும் இந்த மாடல் இருக்குமா, கைதவறி விழுந்தால் தாங்குமா என்று துருவினார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் காபியில் சர்க்கரை போட்டாச்சா என்று. பெரிய மெஷின் ஒன்றைக் கையில் எடுத்து, தலைக்கு மேலே தூக்கப் பார்த்தார். பாதியில் கை நின்றது. மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அம்மணி, இதைப் புடி" என்றார். பைக்குள் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து வாங்கினேன். என் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி முழுதாக எட்டவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இதே பதினெட்டுல கைப்பிடி சின்னதா, எடை கம்மியா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா. ஆனா உங்க கைக்கு அது சிறுசா இருக்குமுங்களே."

"எனக்கு இல்லீங்க. இனி ஓட்டை போடறது அவதானுங்க. எனக்குத் தோளு தூக்க முடியறதில்ல." இதை என்னைப் பார்க்காமல், மெஷின்களைப் பார்த்தபடி சொன்னார். "நான் கீழ ஏணியப் புடிச்சுக்கறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் வைத்து அழலாமா? முந்தானையால் முகத்தைத் துடைத்து வியர்வை என்று காட்டிக்கொண்டேன்.

பாய் உள்ளேயிருந்து சின்னது ஒன்றை எடுத்து வந்தார். கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. "போட்டுப் பாருங்கக்கா" என்று கடை வாசலைக் காட்டினார். சோதித்துப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு கான்கிரீட் கட்டை, வருகிறவர்கள் எல்லாம் போட்ட ஓட்டைகளோடு கிடந்தது. குனிந்து, இடம் பார்த்து, துளைக்கிற பிட்டின் முனையை வைத்து அழுத்தினேன். விரல் விசை மேல் இருந்தது. ஆனால் அமுக்கவில்லை. அப்படியே நின்றேன்.

"விசைய அமுக்குங்கக்கா, அவ்வளவுதான்" என்றார் பாய்.

தெரியும். அமுக்கினால் ஓடும், வேறு யாரும் வேண்டியதில்லை என்று நன்றாகவே தெரியும். இருந்தாலும் விரல் போகவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு அவர் சொன்னார்:

"ம்."