மீட்புக் கலத்தின் ஏழாம் எண்

ஸ்டுடியோவில் அவரைக் ‘கப்பலக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருடமாக டப்பிங் பேசுகிறவர். அணில், அழுமூஞ்சி மாமியார், கணக்கு டீச்சர், சோப்பு விளம்பரத்தில் வரும் ‘பளிச்’ என்ற ஒற்றைச் சொல் என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டார்.

அந்தக் கப்பல் பெயர் அவருக்கு வந்தது தற்செயலாகத்தான். அப்போது ஏழு வருடமாக வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விண்வெளித் தொடரில், ஒரே ஒரு வாரம், தொலைந்தவர்களைத் தேடிப் போகும் மீட்புக் கலம் ஒன்று வந்தது. அந்தக் கலத்தின் எந்திரம் நாலு வரி பேசும். “உணர்ச்சியே இல்லாம பேசணும்க்கா, ஆனா கேக்கறவனுக்குத் தைரியம் வரணும்” என்றார் இயக்குநர். “அதானே? இருபது வருஷமா எங்க வீட்டுக்காரர்கிட்ட அப்படித்தான் பேசறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் அக்கா. முதல் டேக்கிலேயே முடிந்தது. அந்த நாலு வரிக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது.

சேனல்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் கலத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தனியாக ஒரு கிளைத் தொடர் தொடங்கினார்கள். இருபத்தாறு வாரம் போவதாகத் திட்டம். பதினோராவது வாரத்தில் நின்றுபோனது. அதற்கு வசனம் எழுதியவன் நான்.

ஒவ்வொரு வாரமும் கதை ஒரே மாதிரி தொடங்கும். இருட்டில் கலம் மிதக்கும். எந்திரம் ஊழியர்களை எண் சொல்லிக் கூப்பிடும். “ஒன்றாம் எண்.” “இருக்கேன்.” “இரண்டாம் எண்.” “இருக்கேன்.” இப்படி ஏழு பேர். ஆறு பேருக்கு நடிகர்கள் உண்டு. ஏழாமவன் எந்திர அறையிலேயே கிடப்பவன், திரையில் முகம் காட்டாதவன். ஒரு சொல்லுக்காக ஓர் ஆளைத் தேடுவானேன் என்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்து, “நீங்களே சொல்லிடுங்களேன்” என்றார் இயக்குநர். அவர் அக்காவின் தம்பி.

அந்த இருவரும் பேசிக்கொள்ளாமல் அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

காரணம் அவர்களுடைய அம்மா. அம்மாவுக்கு மூளையில் கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தம்பி வேலையாக வெளியூர் போயிருந்த நேரத்தில் டாக்டர் வந்து, ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “கத்தி வேண்டாம்டி, வீட்டுக்குப் போலாம்” என்றார். அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனார். தம்பி திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் நின்றுகொண்டே அவர், “அம்மாவக் கொன்னது நீதான்” என்றார். கூடியிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அன்றோடு சரி.

ஒரே ஸ்டுடியோவில் வேலை என்பதால் பார்க்காமல் இருக்க முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. ஹெட்போன் வழியாக, “மேடம், இன்னொரு டேக்” என்பார். கூடப்பிறந்தவளை மேடம் என்று கூப்பிடும்போது எங்களுக்கே நெஞ்சில் முள் தைக்கும். இந்தத் தொடரில் மட்டும் அக்கா எண்ணைச் சொல்வார், தம்பி “இருக்கேன்” என்பார். ‘மேடம், இன்னொரு டேக்’ தவிர இரண்டு வருடத்தில் அவர்களுக்குள் நடந்த பேச்சு அந்த ஒரு சொல்தான். அதுவும் நான் எழுதிக் கொடுத்தது.

ஐந்தாம் வாரப் பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை. வருகைப் பதிவு முடிந்து அடுத்த காட்சிக்கான தாளை அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஹெட்போனில், “அக்கா...” என்று ஒரு குரல். அவ்வளவுதான். அக்கா நிமிரவில்லை. தாளைப் புரட்டினார். இன்னொரு தாளையும் புரட்டினார். சற்றுப் பொறுத்து, “மேடம், மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார் தம்பி. அக்கா தள்ளி உட்கார்ந்தார்.

அந்த ஞாயிறு பகலில், காய்கறிப் பையோடு பேருந்துக்காக நின்றிருந்த தம்பி அப்படியே சரிந்தார். முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு. சேதி வந்தபோது அக்கா ஒரு கார்ட்டூனுக்கு அணிலாகக் கீச்சுக் கீச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஆறாம் வாரப் பதிவுக்கு வந்தார். “லீவு எடுத்துக்கங்கக்கா” என்றோம். “வீட்ல உக்காந்து என்ன பண்ணப்போறேன்?” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புது ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். ஆறு பேரின் பதில்களையும் முன்பே பதிவுசெய்து வைத்திருந்தோம். அக்கா கூப்பிடக் கூப்பிட அவர் ஒவ்வொன்றாக ஓட்டினார். “ஏழாம் எண்” என்றார் அக்கா.

“இருக்கேன்.”

தம்பியின் குரல். பழைய டேப்பில் இருந்ததை வெட்டி ஒட்டியிருந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை. புதியவருக்கு விஷயமே தெரியாது. எங்களுக்குத் தெரிந்தும் புத்தியில் உறைக்கவில்லை. அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார். இயக்குநர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார்.

“தப்பு நடந்துபோச்சுக்கா. மன்னிச்சுடுங்க. வேற ஆளை வச்சு எடுத்துடலாம்.”

“வேண்டாம்” என்றார் அக்கா. “அவன் வேலை அது. அவனே பண்ணட்டும்.”

அடுத்த நாலு வாரமும் அப்படித்தான் நடந்தது. பதிவு பத்து மணிக்கென்றால் ஒன்பதுக்கே வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் அறையில் உட்கார்ந்திருப்பார். ஒன்று முதல் ஆறு வரை அவசரமாகச் சொல்லுவார். ஏழு வரும்போது குரல் இறங்கிவிடும். வீட்டில் தலை வாரும்போது வாய் தானாக எண்களைச் சொல்லுமாம். ஏழு சொல்லிவிட்டுச் சீப்பைக் கையில் பிடித்தபடி அசையாமல் நிற்பாராம். அவர் கணவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “சார், அந்த ஏழாம் எண்ணை எடுத்துட முடியாதா? இவ போக்கே சரியில்ல” என்று கேட்டார். அக்காவிடம் கேட்டேன். “எடுத்தா நான் வரமாட்டேன்” என்றார்.

ஒன்பதாம் வாரம் புதியவரிடம் சண்டைக்குப் போனார்.

“ஏன் வாரா வாரம் வேற வேற டேக் போடறீங்க? போன வாரம் களைப்பா இருந்தான். இன்னிக்குக் கோவமா இருக்கான்.”

அவர் மிரண்டுபோனார். “இல்லக்கா, ஒரே துண்டுதான். சத்தியமா. வேணும்னா பாருங்க.” அதே துண்டை மூன்று முறை ஓட்டிக் காட்டினார். நானும் அங்கே இருந்தேன். எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. அக்கா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், “அஞ்சாம் வாரத்து டேப் இருக்கா?” என்றார். “முழுசா போடுங்க. வெட்டாத டேப்.”

போட்டார்கள். அக்காவின் மைக்கும் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பேசியதும் இரண்டுமே அதில் பதிவாகியிருந்தன. “ஏழாம் எண்.” “இருக்கேன்.” பிறகு தாளின் சரசரப்பு. பிறகு, “அக்கா...” அதன் பின் ஒன்றுமில்லை. மறுபடி தாளின் சரசரப்பு, ஒரு மூச்சு. அந்த மூச்சு அக்காவுடையது. ஏதோ சொல்ல வாய் திறந்து, வேண்டாமென்று மூடிக்கொண்ட மூச்சு. கடிகாரத்தைப் பார்த்தேன். தம்பி “மேடம்” என்று சொல்ல ஒன்பது நொடி ஆனது. ஒன்பது நொடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, அந்த வாரக் காட்சிகளைப் பிசிறில்லாமல் பேசி முடித்தார். போகும்போது, “எனக்குக் கேட்டுச்சு சார். கேக்கலன்னு இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்” என்றார்.

அடுத்த வாரம் சேனலிலிருந்து உத்தரவு வந்தது. பார்ப்பவர்கள் குறைவு, பதினோராவது வாரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பதினைந்து வாரக் கதையை அரை மணியில் முடிக்கச் சொன்னால் என்ன செய்வது? எல்லோரையும் கொன்றேன். கலம் ஒரு பாறையில் மோதும். புகை. பிறகு எந்திரம் வழக்கம்போல வருகைப் பதிவெடுக்கும். ஒன்றிலிருந்து ஏழு வரை. ஒவ்வோர் எண்ணுக்கும் பின் மூன்று நொடி மௌனம். ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். எழுதும்போது நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன். அக்காவின் ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

அக்கா தாளைப் படித்தார். உள்ளே போனார். ஒன்று, மௌனம். இரண்டு, மௌனம். ஆறு வரை வந்தார். ஆறாவது மௌனம் முடிந்தது. நாங்கள் காத்திருந்தோம். அக்கா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா” என்றார் இயக்குநர்.

“அதை நான் கூப்பிட மாட்டேன்.”

“அக்கா, ஒரே ஒரு எண்...”

“நான் கூப்பிட்டு அவன் பேசாம இருக்கணுமா? அது மட்டும் என்னால ஆகாது. வேற யாரையாவது வச்சுக்கங்க.”

வேறு யாரையும் வைக்கவில்லை. ஆறோடு காட்சியை வெட்டிவிட்டோம். அது பிழை என்று சிலர் நினைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள். சில மாதங்களில் அந்த டேப்புகளை அழித்து, மேலே செய்தி பதிவுசெய்தார்கள்.

கடைசி வாரம் ஒளிபரப்பான மறுநாள் மாலை, அக்கா தம்பி வீட்டுக்குப் போனார். காரியம் முடிந்த பிறகு அங்கே போனது அதுதான் முதல் தடவை. தம்பி மனைவி கதவைத் திறந்தார், “வாங்கண்ணி” என்றார், உட்காரச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை, அவன் கூப்பிட்டது, தான் தாளைப் புரட்டியது.

“தெரியும்” என்றார் தம்பி மனைவி. “அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொன்னார். அக்காவைக் கூப்பிட்டேன், அவங்களுக்குக் காதுல விழல போலிருக்கு, அடுத்த வாரம் நேர்லயே போய்ப் பேசிடறேன்னார்.”

அக்கா கேட்டார்: “என்ன பேசணும்னு சொன்னானா?”

“கேட்டேன். சொல்லல.” பிறகு, “நீங்க திரும்பிப் பாத்திருக்கலாம் அண்ணி” என்றார். அதில் ஆத்திரம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அக்கா என்னிடம் பின்னாளில் சொன்னார்.

உள்ளறையிலிருந்து தம்பியின் மகள் வந்தாள். ஆறு வயது. பெரியவர்கள் சண்டையில் இரண்டு வருடமாக அத்தையைப் பார்க்காதவள்; காரியத்தின்போதும் அவளைப் பக்கத்து வீட்டில்தான் விட்டிருந்தார்கள். முகம் அவளுக்கு நினைவில்லை. அக்கா, “நல்லா இருக்கியாடா?” என்றதும் கண்கள் விரிந்தன.

“நீங்க கப்பலா?”

“ஆமா.”

“எல்லா வாரமும் பாப்பேன். எங்கப்பா பேசுவார்ல, அதுக்காக.” பிறகு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “நேத்து மட்டும் ஏன் அப்பாவைக் கூப்பிடல? கூப்பிட்டிருந்தா இருக்கேன்னு சொல்லியிருப்பாரே.”

அக்கா குழந்தையின் முன் மண்டியிட்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அத்தை தப்புப் பண்ணிட்டேன்” என்று மட்டும் சொன்னாராம். தம்பி மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அங்கே போய்வந்தார். நாத்தனாரும் தம்பி மனைவியும் நெருங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் உட்கார்ந்து, குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். அக்கா அறுபது வயது வரை டப்பிங் பேசினார். எந்திரக் குரல் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வேறு தொடர்களுக்குப் போய்விட்டேன். நிறைய எழுதினேன், நிறையப் பேரைக் கொன்றேன். போன வருடம் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். செவி மந்தமாகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். “இப்ப யார் கூப்பிட்டாலும் கேக்கறதில்ல சார்” என்றவர், சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.