அப்பாவுக்கு ரைட் கொடுத்தோம்

நேற்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு வாண்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரைக் காட்டி, "ம்மா, அந்தத் தாத்தாக்கு இன்னாத்துக்குக் கை ஆடுது?" என்று கேட்டது. அம்மாக்காரி பட்டென்று அதன் வாயில் ஒரு தட்டு தட்டினாள். எனக்கு வந்ததே ஆத்திரம்! பதில் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

எங்கள் வீட்டிலும் இப்படித்தான் வாயைப் பொத்தினார்கள். அப்பா செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் ஆறாவது படிக்கும்போது வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வலது கை ஆடியது. முகத்தில் சிரிப்பே இல்லை. அம்மாவிடம் கேட்டால், "ஒண்ணும் இல்ல, போய்ப் படி" என்பாள். ஒன்றும் இல்லாததற்கு எதற்கு அத்தனை மாத்திரை?

நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். என் கண்டுபிடிப்பு, கணக்கில் நான் வாங்கிய முப்பத்தொன்று. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி பந்தாவாக ஓடும். அந்த முறை எறும்பு சைஸ். "இது உங்கப்பா போட்டதா, நீயே போட்டியா?" என்று டீச்சர் முறைத்தார். கோபத்தில்தான் முழுசாகப் போடவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மேதாவி! தம்பி என்னைவிட மேதாவி. கை ஆடுவது ஒட்டிக்கொள்ளுமாம், அப்பா குடித்த சொம்பைத் தொடமாட்டான். ஆறு மாதம் இரண்டு பேரும் அப்பா கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும். அப்பா சமையற்கட்டு நிலைப்படியில் நின்றவர் நின்றபடியே நின்றுவிட்டார், கால் பெயரவில்லை. பின்னால் தட்டோடு மாட்டிக்கொண்ட தம்பிக்கோ அகோரப் பசி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கண்டக்டர் மாதிரி கத்தினான்: "போலாம்... ரைட்!"

அப்பா காலைத் தூக்கி வைத்தார்! ஓரடி, ஈரடி, நேராகக் கட்டில் வரைக்கும் போய்விட்டார்! அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா எங்களைக் கூப்பிட்டார்.

"இன்னாடா, என்னாண்ட வராம ஓடிகினே கீறீங்க?"

"மார்க்குக்குக் கோவந்தானே?" என்று அழுதுவிட்டேன்.

"அட லூசு! கோவம்லாம் இல்ல. இது பார்க்கின்சன்னு ஒரு வியாதி. மூளை சொல்றது கை காலுக்கு ஒயுங்கா போய்ச் சேர மாட்டேங்குது. மூஞ்சியும் அப்டித்தான், உள்ள சிரிச்சிகினுதான் கீறேன். உன்னால வர்ல. ஒட்டாது. முழுசா சரியாவாது, மாத்திரைய போட்டு ஓட்டிக்கலாம்."

தம்பி சட்டென்று அந்தச் சொம்பை எடுத்து மிச்சத் தண்ணீரைக் குடித்தான். பரீட்சை பண்ணிப் பார்க்கிறானாம்!

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியுமா? அடுத்த வாரமே அப்பாவின் பழைய பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போனோம். மணல் தொடங்கும் இடத்தில் அப்பாவுக்கு மறுபடியும் கால் பெயரவில்லை. சுற்றிலும் ஜனம் வேடிக்கை பார்க்க, நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம்: "போலாம் ரைட்! ரைட்!" சுண்டல்காரர் ஒருவர், "பஸ்ஸு எங்கப்பா கீது?" என்று திரும்பித் திரும்பித் தேடினார். அப்பா நடந்தார்! அலை முழங்காலில் அடித்தது. முகம் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது! ஐயோ, அன்றைக்கு நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வியாதி போகப் போக அவர் குரலைத் தின்றுவிட்டது. வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். பஸ் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கிற பழைய குரலை நினைவில் கொண்டுவரப் பார்க்கிறேன், வரவில்லை. அது கணீரென்று எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் கடைசி ஆறு மாதமும், நாங்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தோம்.