குனியாமல் இறங்க முடியாத கோபுரம்

செஞ்சிக் கோட்டையில் உள்ள கல்யாண மகாலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருஷமாக வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் போதும், பக்கம்தான். "கல்லுல இன்னா இருக்குது பாக்க?" என்பார் அப்பா. எனக்குச் சென்னையில் தொல்லியல் எம்.ஏ. இடம் கிடைத்து, ஹாஸ்டலில் சேரும் நாள் நெருங்கியபோது அவரே, "ஞாயித்துக்கிழம போலாம், அத்தையும் வருது" என்றார். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா எனக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தபோதாவது புரிந்திருக்க வேண்டும். போட்டோ நல்லா வரும் என்றாள், நம்பினேன்.

அடுக்கடுக்காக உயர்ந்து உச்சியில் கூம்பாக முடியும் கல்யாண மகால் கோபுரத்தைக் கண்டதும் ஓட்டம்தான். வளைவுகள், சுண்ணாம்புப் பூச்சு, குளம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, ஒருவரும் காதில் வாங்கவில்லை. அத்தையின் கண் வாசலிலேயே இருந்தது.

அந்த வாசல் வழியாக ஒரு குடும்பம் வந்தது.

"அட, நீங்களா? இன்னா இந்தப் பக்கம்?" என்றாள் அத்தை. அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. காணை என்ற ஊரிலிருந்து ஒரு பையன், அவன் அப்பா, அம்மா. அந்த அம்மாவின் கையில் வாழையிலையில் சுற்றிய பூ.

எங்கள் சொந்தத்தில் பெண்ணை இப்படி வெளியிடத்தில் காட்டுவார்கள். பிடிக்கவில்லையென்றால் தற்செயலாகச் சந்தித்ததாகவே போய்விடும், யாருக்கும் மானக்கேடு இல்லை. பிடித்துவிட்டால் பையனின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைப்பாள். வைத்தால் பேச்சு முடிந்தது. என் ஹாஸ்டலும் முடிந்தது.

"மேல பாத்துட்டு வர்றேன்" என்று படியேறிவிட்டேன்.

ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய படி. புடவை இரண்டு பக்கச் சுவரிலும் உரசியது. மேல் மாடத்தில் நின்று பார்த்தால் மலைமேல் கோட்டை. கீழே எல்லோரும் வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் அவசரமில்லை.

"ஜல்தியா எறங்குடீ, வெயிலு ஏறுது" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

"வுடு அண்ணி, எங்க போயிடப் போறா? இருக்கறதே ஒரு படிதான்" என்று அத்தை சிரித்தாள். பையனின் அப்பாவும் சிரித்தார்.

சரி, நேராக நின்று சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். 'நான் படிக்கப் போறேங்க. பூ வேணாம்.' ஒவ்வொரு திருப்பத்திலும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். படியின் கடைசியில் இருந்த வாசல் தாழ்வானது. ஏறும்போது ஓடிய வேகத்தில் தானாகவே குனிந்துவிட்டதால் அதைக் கவனிக்கவில்லை. குனிந்தேன். நிமிர்வதற்குள் பின்னலில் ஒரு கை, சில்லென்று ஈரம்.

"நல்லா இரும்மா" என்றார் அந்த அம்மா. வாசலை ஒட்டியே நின்றிருந்தார்.

நான் நிமிர்ந்தபோது பூ ஏற்கெனவே தலையில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை பையில். தலையைத் தொட முடியவில்லை. பூவின் வாசனை மட்டும் மூக்கருகிலேயே இருந்தது. "எப்பிடி அம்சமா கீது பாரு" என்று அத்தை யாரோ ஒரு பயணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்தில் இறங்கியதும் கை விடுபட்டது. ஊசியை உருவி, பூவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தேன்.

"ஹாஸ்டலுக்குப் போறேம்மா."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். "மொதல்ல தலையில வை. தெரிஞ்சவங்க பாக்கப் போறாங்க."

நான் வைக்கவில்லை. அவளும் கீழே போடவில்லை. வீடு வரும்வரை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் நடந்து வந்தாள்.