பதினோரு பேருக்குக் கஞ்சி

கைதிகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறவளுக்கு நன்றி சொல்ல ஆள் கிடையாது. கஞ்சி நீர்த்துப்போனால் திட்ட மட்டும் இரண்டு மொழியில் ஆள் உண்டு. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில், பிடிபட்ட போர்த்துகீசியப் பறங்கிகளுக்கு ஒன்பது பத்து மாதம் கஞ்சி சுமந்தவள் நான். மணலில் எழுத்துப் பழகிய ஐந்தாறு மாதத்தோடு என் படிப்பு நின்றது. அதனால் கோர்வை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆளைப் பறிகொடுத்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

என் மகன் வேலு கோட்டைக் கப்பலில் கலாசியாகப் போய்ப் பறங்கியிடம் சிக்கினான். நாகப்பட்டணத்துப் பறங்கிச் சிறையில் அவனோடு சேர்த்து நம்மவர் பதினோரு பேர். இங்கே என் கஞ்சியைக் குடித்த பறங்கிகளும் பதினோரு பேர். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இங்கே ஒருவன் செத்தால் அங்கே ஒருவன் வர மாட்டான். இவர்களில் யார் இருமினாலும் நான் ஏன் கதவண்டை ஓடினேன் என்று இப்போது புரியும்.

நடை

முதல் வாரம் இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அறை இருபதடி நீளம் இருந்தால் அதிகம். அதில் சுவருக்குச் சுவர், ஒருவன் பின்னால் ஒருவனாக, பதினோரு பேரில் சிப்பாய்களான பத்துப் பேரும் நடக்கிறார்கள். சித்திரை வெயிலில் அறை அடுப்பாகக் கொதிக்கிறது; நடை நிற்கவில்லை. கிளிஞ்சல் ஓட்டைத் தீட்டி முகம் வேறு மழித்திருக்கிறார்கள், கன்னமெல்லாம் கீறல்.

அவர்களில் மூத்தவன் பெத்ரு. தாய் மயிலாப்பூர்க்காரி என்பதால் தமிழ் பேசுவான். இதற்கு முன்பே இரண்டு முறை பிடிபட்டவனாம். "இன்னாத்துக்கு இப்படி நடக்கறீங்க? குடிக்கறது அரைவயித்துக் கஞ்சி. அதையும் நடந்தே கரைச்சுட்டா செத்துப்பூடுவீங்களே" என்று கேட்டுவிட்டேன். அவன் நடையை நிறுத்தாமலே சொன்னான்: "கதவு தொறக்கற அன்னிக்கு உன் முதுகுல ஏறியா போவேன்? காலு வேணும்மா."

முதுகைத் திருப்பியவன்

கஞ்சியோடு கொடுக்கிற கருவாட்டைப் பெத்ரு பதினோரு கூறாக வைப்பான். ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வான். பெத்ரு ஒரு கூறைத் தொட்டு "யாருக்கு?" என்பான். திரும்பி நிற்பவன் ஒரு பெயரைச் சொல்வான். தலையோ வாலோ, வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் ஏரியிலும் வலை இழுத்த பிறகு மீனை இப்படித்தான் பங்கு வைப்போம்.

பட்டாளத்தில் இதையெல்லாம் முன்கூட்டியே பழக்கிவிடுவார்களாம். என் மகனுக்கு அப்படி யார் பழக்கினார்கள் என்று என் மனசை அரிக்க ஆரம்பித்தது. "இத்துனூண்டு கருவாட்டுக்கு இவ்ளோ சடங்கா?" என்றேன், எரிச்சலை அடக்க முடியாமல். பெத்ரு சொன்னான்: "பசியை வயிறு தாங்கிக்கும்மா. பக்கத்துல இருக்கறவன் ஒரு வாய் கூடுதலா தின்னுட்டான்னா, அதைத் தாங்காது."

பாய் தைக்கிறவன்

பதினோராவது ஆள் அந்தோணி. கப்பலில் பாய்மரத்துக்குப் பாய் தைக்கிறவன். சண்டையும் தெரியாது, பட்டாளமும் தெரியாது, என் வேலுவைப் போல. மூலையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். அவன் கஞ்சியில் ஈ மிதக்கும்.

பெத்ரு அவனைத் திட்டவில்லை. மீன்முள்ளில் ஊசி செய்து, கோணியிலிருந்து நூல் உருவி, எல்லோருடைய கிழிந்த சட்டையையும் அவன் முன்னால் போட்டான். சில நாள் அவை அப்படியே கிடந்தன. பிறகு ஒரு தையல். அப்புறம் ஒரு சட்டைக் கை முழுக்க. "என் சட்டை எப்போ?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்க ஆரம்பித்ததும் கஞ்சியைக் குடித்தான். ஒரு நாள் காலையில் நடையிலும் வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டான். கதவடியில் நின்ற காவல்காரன் ரங்கையா, சுண்ணாம்புக்குளத்துக்காரன், என்னைப் பார்த்துக் கேட்டான்: "இன்னாக்கா, உன் புள்ளையே எழுந்து நடந்த மாதிரி இளிக்கற?"

மடவை

மழை தொடங்கியதும் அந்தோணிக்குக் காய்ச்சல் கண்டது. எங்கள் ஊரில் பங்கு வைக்கும் முன்பே, நோயாளி இருக்கிற வீட்டுக்கென்று நல்ல மீன் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், யாரிடமும் கேட்காமல், அவன் சட்டியில் மட்டும் கஞ்சிக்கு அடியில் ஒரு துண்டு மடவை மீனை வைத்தேன். நாலு நாள் வைத்தேன். பெத்ருவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவன் படுக்கைக்கு அடியில் மடவை முள்ளைப் பார்த்துவிட்டார்கள். ஒரு கைதிக்கு மட்டும் மீன் வந்தால் மற்றவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: இவன் நாம் பேசுவதைக் கோட்டைக்குச் சொல்கிறான். யாரும் அடிக்கவில்லை. சட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நடையில் அவனுக்கு இடம் விடவில்லை. நடந்ததை நான் அழுதுகொண்டே சொன்னேன். பெத்ரு அதை அவர்கள் மொழியில் சொன்னான். கோட்டைக்குச் சமைக்கிறவள் வேறென்ன சொல்வாள் என்று சிரித்தார்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அந்தோணி மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், கஞ்சியைத் தொடவே இல்லை. ஒன்பதாம் நாள் ஓலைப்பாயில் சுற்றி அவனைத் தூக்கிப் போனார்கள். பெத்ரு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நடக்கப் பழக்கினாங்க, பங்கு வைக்கப் பழக்கினாங்க. ஒருத்தனை நம்பறதுக்கு எங்களுக்கு யாரும் பழக்கலம்மா."

பத்துக்குப் பத்து

தை மாதம் தோணி வந்தது. பெத்ருவும் மற்றவர்களும் தங்கள் காலாலேயே நடந்து போய் ஏறினார்கள். நம்மவர் பத்துப் பேர் இறங்கினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கடைசி ஆள் வரை போனேன். யார் தங்குவது என்று அங்கே சீட்டுப் போட்டார்களாம். வேலு தங்கிவிட்டான். அவனை இப்போது முன்பின் தெரியாத மசூலிப்பட்டணத்துக் கைதிகள் ஏழெட்டுப் பேரோடு ஒரே அறையில் போட்டிருக்கிறார்களாம்.

வந்தவர்களில் பசியாவரத்துக் கன்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னான்: "அழாத பெரியம்மா. அங்க கஞ்சி ஊத்தற அம்மாவுக்கு உன் புள்ள மேல உசுரு. அவனே என் காதுல சொன்னான், யாருக்கும் தெரியாம அவன் சட்டியில மட்டும் ஒரு துண்டு மீன் போட்டுடுது."

அந்தப் புண்ணியவதி நாளைக்கே கல்நெஞ்சக்காரி ஆகிவிட வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறேன். கஞ்சி ஊற்றுகிற வேலையில் நான் கற்றது இவ்வளவுதான்.